நகரும் செல்லுக்குள் சுருளும் இழை

மீன் செதிலை மூடியிருக்கும் தோலில் கெரட்டோசைட் என்ற செல்கள் உண்டு. கண்ணாடித் தகட்டில் விட்டால் வழுக்கிக்கொண்டு ஓடும். செல் நகர்வை ஆராய்பவர்களுக்கு நெடுங்காலமாகப் பிடித்தமானவை. 1984இல் யூட்டெனாயர், ஷ்லிவா என்ற இரு ஆய்வாளர்கள் இந்தச் செல்களிலிருந்து பிய்ந்து வந்த துணுக்குகளைப் பற்றி எழுதினார்கள். அந்தத் துணுக்குகளில் உட்கரு கிடையாது. இருந்தும் முழுச் செல்லைப் போலவே முன்பக்கம், பின்பக்கம் என்று வடிவெடுத்து அவை ஊர்ந்தன. நகர்வுக்கான இயந்திரம் முழுவதும் செல்லின் ஓரத்தில் உள்ள ஆக்டின் என்ற புரதத்தின் இழைகளில்தான் இருக்கிறது, உட்கரு சும்மா கூடவே வரும் பயணி என்ற எண்ணத்துக்கு இது வலுச் சேர்த்தது.

2018இல் அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழகக் குழு ஒன்று அந்த எண்ணம் பாதிதான் சரி என்று காட்டியது. அவர்கள் செல்களிலிருந்து உட்கருவை அகற்றிவிட்டு, மிச்சத்தை முதலில் தட்டையான பரப்பில் விட்டார்கள். அவை திசை பிடித்து நகர்ந்தன, வேதிப்பொருள்களின் தடத்தைப் பின்தொடரவும் செய்தன. பிறகு கொல்லாஜன் இழைகள் பின்னிக்கிடக்கும் கூழுக்குள் விட்டார்கள். அங்கே அவற்றின் நகர்வு பெரிதும் முடங்கியது.

உடலுக்குள் தட்டையான கண்ணாடி கிடையாது. காயத்தை நோக்கி ஓடும் வெள்ளையணு, கருவில் தன் இடம் தேடிச் செல்லும் நரம்புச் செல், கட்டியிலிருந்து பிரிந்து வேறு உறுப்புக்குப் போகும் புற்றுநோய்ச் செல் ஆகிய எல்லாமே இழைகளுக்கும் பிற செல்களுக்கும் நடுவே உள்ள சந்துகளில்தான் புகுந்து போகின்றன. அந்தச் சந்துகளில் உட்கரு இல்லாமல் போவது கடினம். உட்கருவோடு போவதும் எளிதல்ல, ஏனென்றால் செல்லுக்குள் இருக்கும் பொருள்களிலேயே பெரியதும் விறைப்பானதும் அதுதான். அந்த உட்கருவை நிறைத்திருப்பது குரோமாட்டின், அதாவது டி.என்.ஏவும் புரதங்களும் சேர்ந்த இழை. அது எப்படி மடிந்து கிடக்கிறது என்பது செல்லின் பயணத்தை எந்த அளவுக்குத் தீர்மானிக்கிறது என்ற கேள்வி, கடந்த பதினைந்து ஆண்டுகளில் தனி ஆய்வுத் துறையாகவே வளர்ந்துவிட்டது.

மனிதச் செல் ஒன்றில் ஏறத்தாழ 2 மீட்டர் நீளத்துக்கு டி.என்.ஏ இருக்கிறது. அதைத் தாங்கும் உட்கருவின் குறுக்களவோ 10 மைக்ரோமீட்டர் அளவில்தான். இடம் போதுவதற்குக் காரணம் ஹிஸ்டோன் புரதங்கள். எட்டு ஹிஸ்டோன்கள் சேர்ந்த ஓர் உருளையைச் சுற்றி டி.என்.ஏ சுற்றிக்கொள்கிறது. இந்த அலகுதான் நியூக்ளியோசோம். 1974இல் ரோஜர் கார்ன்பெர்க் முன்வைத்த இந்த அமைப்பை, 1997இல் சூரிக்கில் திமோத்தி ரிச்மண்டின் குழு ஊடுகதிர்ப் படிகவியல் மூலம் அணு அணுவாகப் படம் பிடித்தது. ஒவ்வோர் அலகையும் சுற்றியிருப்பது சுமார் 147 காரஇணைகள். இத்தகைய அலகுகள் நெருக்கமாக அடுக்கிய பகுதி ஹெட்டரோகுரோமாட்டின், தளர்ந்து கிடக்கும் பகுதி யூகுரோமாட்டின். இந்த வேறுபாட்டை 1928இலேயே எமில் ஹைட்ஸ் மாஸ் வகைத் தாவரங்களின் செல்களில் கண்டு பெயரிட்டுவிட்டார். எந்தப் பகுதி இறுகும், எந்தப் பகுதி தளரும் என்பதைப் பெரும்பாலும் ஹிஸ்டோன் வால்களில் ஒட்டும் சிறு வேதிக்குறிகள் முடிவு செய்கின்றன. ஹெச்-3 ஹிஸ்டோனின் 9ஆம், 27ஆம் லைசின்களில் மூன்று மெத்தில் தொகுதிகள் ஏறினால் அந்தப் பகுதி இறுகி, மரபணுக்கள் மௌனமாகும். அசிட்டைல் ஏறினால் தளரும்.

நீண்ட காலம் இந்த இறுக்கமும் தளர்வும் மரபணுக்களைத் திறக்கவும் மூடவுமான ஏற்பாடாக மட்டுமே பார்க்கப்பட்டன. 2010இல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் காபி கெர்லிட்ஸும் மைக்கேல் பஸ்டினும் வெளியிட்ட ஆய்வு அந்தப் பார்வைக்கு வெளியே நின்றது. சோதனை மிக எளிமையானது. தட்டில் அடர்ந்து வளர்ந்த செல்களின் நடுவே ஒரு கீறல் போட்டார்கள். ஓரத்துச் செல்கள் வெற்றிடத்தை மூட முன்னேறத் தொடங்கின. அப்படி நகரத் தொடங்கிய செல்களில் குரோமாட்டின் மொத்தமாக இறுகியிருந்தது. டி.என்.ஏவை வெட்டும் நொதி முன்புபோல எளிதில் உள்ளே புக முடியவில்லை. ஹெச்-3இன் 27ஆம் லைசினில் மெத்தில் கூடியிருந்தது, ஹெச்-4இன் 20ஆம் லைசினிலும் கூடியிருந்தது. அடுத்து, குரோமாட்டினை வேண்டுமென்றே தளர்த்திப் பார்த்தார்கள். செல்களின் வேகம் குறைந்தது.

மரபணுக்கள் திறந்ததாலோ மூடியதாலோ இது நடந்திருக்கலாம் அல்லவா என்ற ஐயம் இயல்பானது. அந்த ஐயத்தையும் அவர்கள் சோதித்தார்கள். மரபணுக்கள் படியெடுக்கப்படுவதைச் சார்ந்திராமலே தளர்ந்த குரோமாட்டின் நகர்வைக் குறைத்தது. அந்த ஆய்வின் மிக முக்கியமான செய்தி இதுவே. மரபுச் செய்தியைச் சுமக்கும் இழைக்கு, அந்தச் செய்தியோடு தொடர்பில்லாத ஓர் உடல் வேலையும் இருக்கிறது. விரித்த பாயை வாசல் வழியே கொண்டுபோவது சிரமம், சுருட்டினால் எளிது. இறுகிய உட்கருவை இழுத்துச் செல்வதும் அப்படித்தான் என்று ஒரு விளக்கம் சொல்லலாம். ஆனால் விளக்கம் அங்கேயே முடிந்திருந்தால் இந்தத் துறையே தேவைப்பட்டிருக்காது.

சிக்கல் விறைப்பில் தொடங்குகிறது. உட்கருவின் உறைக்கு உட்புறத்தில் லேமின் புரதங்கள் ஒரு வலையாகப் பரவியிருக்கின்றன. உட்கருவின் உறுதிக்கு அந்த வலை, குறிப்பாக லேமின்-ஏ, காரணம் என்பதே பொதுவான கருத்து. நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ ஸ்டீபன்ஸ், ஜான் மார்கோ குழுவினர் 2017இல் இதைப் பிரித்துப் பார்த்தார்கள். செல்லிலிருந்து ஒற்றை உட்கருவை வெளியே எடுத்து, இரு முனைகளிலும் நுண்குழாய்களால் பற்றி இழுத்தார்கள். சுமார் 3 மைக்ரோமீட்டர் வரை நீளும்போது எதிர்த்து நிற்பது குரோமாட்டின். அதற்கு மேல் இழுத்தால்தான் லேமின்-ஏ களத்தில் இறங்குகிறது. அதாவது அன்றாடச் சிறு நெருக்கடிகளில் உட்கருவின் விறைப்பு பெரும்பாலும் குரோமாட்டினுடையது. அதே குழு அடுத்த ஆண்டில், குரோமாட்டினைத் தளர்த்தினால் லேமின்களில் எந்த மாற்றமும் இல்லாமலே உட்கரு உறையில் கொப்புளங்கள் கிளம்புவதையும் காட்டியது.

முழு விலங்கில் இதன் விளைவு என்ன என்பதைப் பஸ்டினின் ஆய்வகம் 2015இல் பார்த்தது. குரோமாட்டினைத் தளர்த்தும் ஹெச்.எம்.ஜி.என்-5 என்ற புரதம் மிகையாக உற்பத்தியாகும் எலிகளை உருவாக்கினார்கள். குட்டிகள் பிறக்கும்போது நலமாகவே இருந்தன. பிறகு இதயம் பெருத்தது, இதயத் தசைச் செல்களின் உட்கருக்கள் குலைந்தன, எலிகள் இறந்தன. ஓயாமல் சுருங்கி விரியும் உறுப்பில், இழை தளர்ந்த உட்கருவால் அந்த அழுத்தத்தைத் தாங்க முடியவில்லை.

ஆக, இறுகிய குரோமாட்டின் உட்கருவை உறுதியாக்குகிறது. உறுதியான உட்கரு குறுகிய சந்தில் சிக்கிக்கொள்ளும் என்பதும் தெரிந்ததே. நெதர்லாந்தின் நைமேகனில் பீட்டர் ஃப்ரீடலின் குழு 2013இல் அந்த எல்லையை அளந்தது. திசுவை அரிக்கும் நொதிகளைத் தடுத்துவிட்டு, செல்களைக் கொல்லாஜன் துளைகள் வழியாக மட்டுமே போக விட்டார்கள். புற்றுநோய்ச் செல்கள் 7 சதுர மைக்ரோமீட்டர் வரை நுழைந்தன. வெள்ளையணுக்களான டி-செல்கள் 4 வரையிலும், நியூட்ரோபில்கள் 2 வரையிலும் போயின. உட்கருவின் இயல்பான குறுக்குவெட்டுப் பரப்பில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு என்ற அளவுக்கு அது நசுங்கலாம். அதற்குக் கீழே செல்லின் கைகால்கள் முன்னே நீண்டாலும் உட்கரு வராது, செல் அங்கேயே நின்றுவிடும்.

இந்த எல்லையை இயற்கை சில இடங்களில் மீறியும் இருக்கிறது. சி. எலிகன்ஸ் என்ற சிறு புழுவின் லார்வாவில், பி-செல்களின் உட்கருக்கள் தசைக்கும் மேலுறைக்கும் இடையே சுமார் 200 நானோமீட்டர் இடுக்கில் நசுங்கி மறுபக்கம் போகின்றன. அது அவற்றின் இயல்பான அகலத்தில் 5 விழுக்காடு அளவே. அவை போய்ச் சேராவிட்டால் புழுவால் ஒழுங்காக நெளியவோ முட்டையிடவோ முடியாது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் டேனியல் ஸ்டார் குழுவினர் பல ஆண்டுகளாக இந்தக் காட்சியை ஆராய்ந்து வருகிறார்கள். உட்கரு உறையைச் செல்லின் இழைச் சட்டகத்தோடு கோக்கும் லிங்க் என்ற புரதப் பாலம்தான் அங்கே உட்கருவை இழுக்கிறது. அந்தப் பாலம் பல உயிரினங்களில் மாறாமல் இருக்கிறது. அதை நினைத்தால் கெர்லிட்ஸின் கீறல் சோதனைக்கு ஒரு பொருத்தமான பொருளும் கிடைக்கிறது. தட்டையான பரப்பில் சந்து கிடையாது, சிக்கும் பேச்சும் இல்லை. அங்கே உட்கரு செய்ய வேண்டியதெல்லாம் இழுப்புக்கு ஈடுகொடுத்து முழுதாக நகர்வதுதான். நொளநொளத்த உட்கருவில் இழுவிசை ஓரத்திலேயே கரைந்துவிடும், இறுகியதில் அது முழுவதும் பரவும்.

முப்பரிமாணத்தில் உட்கரு வேறொரு வேலையும் செய்கிறது. 2014இல் அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்களில் ரயன் பெட்ரி, கென்னத் யமாடா குழுவினர், நார்ச்செல்கள் திசுக்கூழுக்குள் போகும்போது உட்கரு முன்னும் பின்னும் செல்லை இரண்டாகப் பிரித்து, முன்பகுதியில் அழுத்தத்தை ஏற்றும் பிஸ்டனாக இயங்குவதைக் காட்டினார்கள். உட்கரு அகற்றிய செல்கள் கொல்லாஜனில் ஏன் முடங்கின என்பதற்கு இது ஒரு பதில்.

நியூட்ரோபிலுக்கு மீண்டும் வருவோம். நம் எலும்பு மஜ்ஜை நாளொன்றுக்கு ஏறத்தாழ 10,000 கோடி நியூட்ரோபில்களை உருவாக்குகிறது. அவற்றின் உட்கரு உருண்டையாக இருப்பதில்லை. மூன்று முதல் ஐந்து மடல்களாகப் பிரிந்து, மெல்லிய இழைகளால் இணைந்திருக்கும். லேமின்-ஏ மிகக் குறைவு. குரோமாட்டினோ மிக இறுக்கம், அதிலும் பெரும்பகுதி உறையை ஒட்டிக் குவிந்திருக்கும். விறைப்பான குரோமாட்டினையும் நெகிழ்வான உறையையும் ஒன்றாக வைத்துக்கொண்டு, வடிவத்தை மட்டும் துண்டு துண்டாக்கி, இந்தச் செல் சந்துகளில் புகுந்துவிடுகிறது. குரோமாட்டினை உறையோடு பிணைக்கும் லேமின்-பி ஏற்பிப் புரதம் இல்லாமல் இந்த மடல்கள் உருவாகாது. 1928இல் கரெல் பெல்கர் என்ற டச்சு மருத்துவர் மடல் குறைந்த நியூட்ரோபில்களைக் கண்டார். 1931இல் அது குடும்பவழி வருவது என்று ஹூயெட் என்ற மருத்துவர் நிறுவினார். அதன் காரணம் இந்த ஏற்பியின் மரபணுவில் இருக்கிறது என்பது 2002இல் தெரிந்தது. ஆனால் பெல்கர்-ஹூயெட் நிலை உள்ளவர்கள் பெரும்பாலும் நலமாகவே வாழ்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மடல் வடிவம் நகர்வுக்கு உதவும் என்ற கருத்து அழகானது, ஆனால் அது ஒன்றே எல்லாம் என்று சொல்ல இந்த மனிதர்கள் விடமாட்டார்கள்.

2020இல் கெர்லிட்ஸின் முடிவுக்கு நேர் எதிரான ஒரு கண்டுபிடிப்பு வந்தது. சாரா விக்ஸ்ட்ரோம் தலைமையிலான குழு தோலின் மூலச்செல்களை ஒரு மீள்தகட்டில் வைத்து மீண்டும் மீண்டும் இழுத்தது. செல்கள் குரோமாட்டினை இறுக்கவில்லை. 9ஆம் லைசினில் இருந்த மூன்று மெத்தில் குறியைக் குறைத்து, உட்கருவைத் தாமே மென்மையாக்கிக்கொண்டன. அந்த மென்மை டி.என்.ஏ முறியாமல் காத்தது. மென்மையாக முடியாதபடி தடுத்தால் முறிவுகள் கூடின. இழுப்பு நீடித்தபோது செல்கள் விசையின் குறுக்கே திரும்பிக்கொண்டன, அதன்பின் ஹெட்டரோகுரோமாட்டினும் பழைய நிலைக்குத் திரும்பியது.

கெர்லிட்ஸ் சொல்வது சரியா, விக்ஸ்ட்ரோம் சொல்வது சரியா என்று கேட்பது பயனற்றது. ஒன்று தானாக ஊர்ந்து போகும் செல், மற்றொன்று வெளியிலிருந்து இழுக்கப்பட்ட செல். ஒன்றில் 27ஆம் லைசின், மற்றொன்றில் 9ஆம் லைசின். குரோமாட்டினுக்குப் பொதுவான ‘நல்ல இறுக்கம்’ என்று ஒன்று கிடையாது. எந்த விசை, எந்தத் திசையில், எவ்வளவு நேரம் என்பதற்கேற்ப அந்த அளவு மாறுகிறது. இந்த ஆய்வுகளைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு மிஞ்சும் முடிவு இதுதான்.

உட்கரு தாங்குவதோடு நிற்பதில்லை, அளக்கவும் செய்கிறது. 2020இல் ‘சயன்ஸ்’ இதழில் பாரிஸ், பார்சிலோனா உள்ளிட்ட இடங்களின் குழுக்கள் எழுதிய இரு கட்டுரைகள் இதை நிறுவின. உட்கருவின் உயரத்தைவிடக் குறுகிய இடத்தில் செல் நசுங்கும்போது, உறையில் இருந்த சுருக்கங்கள் விரிந்து இழுபடுகின்றன. அந்த இழுவிசையில் ஒரு பாஸ்போலிபேஸ் நொதி உறையில் ஒட்டி, அராக்கிடோனிக் அமிலத்தை விடுவிக்கிறது. உடனே செல்லின் ஓரத்தில், சுருங்கவைக்கும் புரதமான மயோசின் வேகம் பிடிக்க, செல் அந்த இடத்தை விட்டுத் தப்பி ஓடுகிறது. 2019இல் ஆஸ்திரியாவில் மைக்கேல் சிக்ஸ்டின் ஆய்வகம், பல வழிகள் பிரியும் இடத்தில் வெள்ளையணு உட்கருவை முன்னே நீட்டி, அகலமான துளையைத் தேர்ந்துகொள்வதைக் காட்டியது.

இதுவரை சொன்னது உடல் வேலை. மரபணுக்களின் வேலை இதற்கு இணையாகவே நடக்கிறது, அதை ஒதுக்கிவைப்பது பெரும் தவறு. நிலையாக ஒட்டியிருக்கும் மேற்தோல் செல் நகரும் செல்லாக மாறும்போது, பக்கத்துச் செல்லோடு பிணைத்து வைக்கும் ஈ-கேடெரின் மரபணு மூடப்படுகிறது. ஸ்னெயில் என்ற புரதம் அசிட்டைல் நீக்கும் நொதிகளையும் மெத்தில் ஏற்றும் நொதிகளையும் அங்கே அழைத்து வந்து குரோமாட்டினை இறுக்குகிறது. 2011இல் ஆண்ட்ரூ ஃபைன்பெர்க் குழு இந்த மாற்றத்தை மரபணுத்தொகுதி முழுவதும் பார்த்தபோது, 9ஆம் லைசினில் இரண்டு மெத்தில் கொண்ட பெரும் பகுதிகள் குறைந்திருந்தன. அதாவது ஓரிடம் இறுகும்போதே வேறு பெரும்பரப்பு தளர்கிறது. ‘நகரும் செல்லில் குரோமாட்டின் இறுகும்’ என்ற ஒற்றை வரி இதை விளக்கப் போதாது.

27ஆம் லைசினில் மெத்தில் ஏற்றும் ஈ.இசட்.ஹெச்-2 நொதியின் கதை இன்னும் நுட்பமானது. 2002இல் மிச்சிகனில் சூரியநாராயண வரம்பள்ளி, அருள் சின்னையன் குழுவினர், பரவிய புராஸ்டேட் புற்றுநோயில் இந்த நொதி மிகுந்திருப்பதை ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். அதன்பின் அது புற்றுநோய் ஆய்வின் மையத்துக்கு வந்தது. ஆனால் 2015இல் சிங்கப்பூரில் இ-ஷின் சூவின் குழு, வெள்ளையணுக்களில் இதே நொதி உட்கருவுக்கு வெளியே டேலின் என்ற ஒட்டுப்புரதத்தின் மீது நேரடியாக மெத்தில் ஏற்றி நகர்வைக் கட்டுப்படுத்துவதைக் காட்டியது. நொதியைத் தடுத்தபோது செல் நின்றால் அது குரோமாட்டினால் நின்றதா, டேலினால் நின்றதா என்று கேட்காமல் இனி முடிவு சொல்ல முடியாது. பழைய ஆய்வுகள் சிலவற்றை இந்தக் கேள்வியோடு மீண்டும் படிக்க வேண்டியிருக்கிறது.

குறுகிய சந்துகளைக் கடந்தபின் என்ன மிஞ்சுகிறது? முதலில் காயம். 2016இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் யான் லாமர்டிங்கின் குழுவும், பாரிஸின் கியூரி நிறுவனத்தில் மத்தியூ பியெலின் குழுவும் ஒரே சமயத்தில் இதைப் படம் பிடித்தன. குறுகிய துளையில் போகும்போது உட்கருவின் உறை கிழிகிறது, உள்ளே இருப்பது வெளியே கசிகிறது, டி.என்.ஏ முறிகிறது. எஸ்கார்ட் என்ற புரத அணி விரைந்து வந்து கிழிசலை மூடுகிறது. பெரும்பாலான செல்கள் பிழைத்துக்கொள்கின்றன. பென்சில்வேனியாவில் டென்னிஸ் டிஷரின் குழு 2017இல், 3 மைக்ரோமீட்டர் துளைகள் வழியாகப் போன எலும்புப் புற்றுநோய்ச் செல்களின் வழித்தோன்றல்களில் நிலையான மரபணு மாற்றங்களைக் கண்டது. பயணமே புற்றுநோயைப் புதுப்பித்துக்கொள்ள வைக்கிறது என்ற இந்தச் சாத்தியம் கவலை தருவது.

இரண்டாவது, நினைவு. லாமர்டிங் குழு 2022இல் வெளியிட்ட ஆய்வின்படி, நெருக்கத்தில் புகுந்து வந்த செல்களில் ஹெட்டரோகுரோமாட்டின் கூடுகிறது. செல் அகலமான இடத்துக்கு வந்த பிறகும் அது நாட்கணக்கில் நீடிக்கிறது. ஹெச்.டி.ஏ.சி-3 என்ற அசிட்டைல் நீக்கும் நொதிக்கு இதில் பங்குண்டு. அதே ஆண்டில் டென்னசி பல்கலைக்கழகத்தில் ரேச்சல் மெக்கார்ட் குழு, மனித மெலனோமா செல்களைத் திரும்பத் திரும்பக் குறுகிய துளைகள் வழியாகப் போகவிட்டு, கடந்து வந்தவற்றின் மரபணுத்தொகுதி முப்பரிமாணத்தில் எப்படி மடிந்திருக்கிறது என்று பார்த்தது. கடக்காதவற்றோடு ஒப்பிட்டால் மடிப்பில் நிலையான வேறுபாடுகள் இருந்தன. அவை துளையில் உண்டானவையா, அப்படி மடிந்த செல்கள்தான் துளையைக் கடக்க முடிந்ததா என்று பிரிப்பது எளிதல்ல. தேர்வும் தழும்பும் ஒன்றோடொன்று கலந்திருக்கின்றன.

குரோமாட்டினைத் தொடும் மருந்துகள் ஏற்கெனவே மருத்துவமனைக்கு வந்துவிட்டன. அசிட்டைல் நீக்கத்தைத் தடுக்கும் வோரினோஸ்டாட், தோலில் வரும் டி-செல் லிம்ஃபோமாவுக்கு 2006இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. ஈ.இசட்.ஹெச்-2ஐத் தடுக்கும் டாசெமெட்டோஸ்டாட், எபிதெலாய்டு சர்கோமாவுக்கு 2020இல் ஒப்புதல் பெற்றது. இரண்டும் மரபணுக்களின் திறப்பையும் மூடலையும் மனதில் வைத்து உருவானவை. ஆனால் குரோமாட்டினைத் தளர்த்தும் மருந்து உட்கருவின் விறைப்பையும் மாற்றும். அது புற்றுநோய்ச் செல்லுக்கு மட்டும் நடப்பதில்லை, அதைத் துரத்திக்கொண்டு கட்டிக்குள் நுழைய வேண்டிய டி-செல்லுக்கும் நடக்கும். ஸ்பெயினில் ஹவியேர் ரெடோண்டோ-முன்யோஸ் குழுவினரின் ஆய்வுகளில், திசு போன்ற சூழலுக்குள் புகும் லிம்போசைட்டுகள் தங்கள் ஹிஸ்டோன் குறிகளை மாற்றிக்கொள்கின்றன. அந்த மாற்றத்தைத் தடுத்தால் அவற்றின் நகர்வு பாதிக்கப்படுகிறது. ஆகவே ஒரு மருந்து கட்டியின் செல்களை எவ்வளவு கொல்கிறது என்று அளக்கும் தட்டுக்குப் பக்கத்தில், 3 அல்லது 5 மைக்ரோமீட்டர் துளையிட்ட இன்னொரு தட்டும் தேவைப்படுகிறது. அதன் வழியே கட்டியின் செல்லையும் நோயாளியின் டி-செல்லையும் அனுப்பி, அந்த மருந்தின் முன்னிலையில் இரண்டில் எது எவ்வளவு வேகமாகப் போகிறது என்று பார்க்க வேண்டும்.